அணில் மார்க், காக்கா மார்க்

சிவகாசியில் முதல் தீப்பெட்டித் தொழிற்சாலை 1923-ல் தொடங்கியது. உலகத் தீப்பெட்டி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஸ்வீடன் கம்பெனி, 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற விம்கோவை இந்தியாவில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் வித்திட்டது ஒரு வரி. 1922-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் சுங்கம் விதித்தது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் எண்ணமெல்லாம் அரசுக்கு அப்போது இல்லை. கஜானாவுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் சரக்கின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சுங்கம் மிகக் கனமானது. அதுவரை ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கப்பலில் வந்த குச்சிகளை நம்பியிருந்த நாட்டில், இங்கேயே குச்சி செய்தால் கட்டுப்படியாகும் என்ற நிலை திடீரென்று உருவானது. ஸ்வீடன்காரர்களும் அந்தக் கணக்கைப் போட்டார்கள், சிவகாசிக்காரர்களும் போட்டார்கள்.

போட்டியாளர்கள் இருவரும் எந்த வகையிலும் ஈடானவர்கள் அல்லர். ஸ்வீடன் கம்பெனியின் தலைவர் இவார் க்ரூகர். 1917-ல் தன் நாட்டுத் தீப்பெட்டி ஆலைகளை ஒரே நிறுவனமாக இணைத்த அவர், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அரசாங்கங்களுக்கே கடன் கொடுக்கும் ஆளாக வளர்ந்தார். போலந்து, பெரு, கிரீஸ், ஜெர்மனி என்று பணமுடையில் தவித்த அரசுகள் கடனை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தங்கள் நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தில் ஏகபோக உரிமையையோ பெரும் சலுகைகளையோ அவருக்கு எழுதிக் கொடுத்தன. 1927-ல் பிரான்சுக்கு மட்டும் அவர் கொடுத்த கடன் 7.5 கோடி டாலர். பத்திரிகைகள் அவரைத் தீப்பெட்டி ராஜா என்றே எழுதின. இந்தியாவில் அப்படி ஏகபோகம் கிடைக்கவில்லை. ஆகவே கம்பெனி பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத்திலும், கல்கத்தாவிலும், சென்னைத் திருவொற்றியூரிலும், அசாமில் துப்ரியிலும், பரேலி அருகிலும் வரிசையாக ஆலைகளைக் கட்டியது. மரம் அறுப்பதிலிருந்து பெட்டியில் குச்சி நிரப்புவது வரை எல்லாம் இயந்திரம்.

எதிரே இருந்தது ராமநாதபுரம் ஜில்லாவின் ஒரு கரிசல் ஊர். மழை குறைவு, ஆறு கிடையாது, மானாவாரி வெள்ளாமை பொய்த்தால் பிழைப்புக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். ஊரின் வணிகம் நாடார்கள் கையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிப் பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வந்த மாட்டு வண்டி வியாபாரிகள், இரவில் சரக்கையும் மாட்டையும் காப்பதற்காக மதில் எழுப்பிய பேட்டைகளை அமைத்தார்கள். சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் அவர்கள் இப்படித்தான் காலூன்றினார்கள். கையில் காசு சேர்ந்ததே தவிர, கோயில் வாசலுக்குள் நுழைய அனுமதி இல்லை. அந்த உரிமையைக் கேட்டதில் மூண்ட பகை 1899-ல் சிவகாசிக் கொள்ளையாக வெடித்தது. அந்த ஜூன் மாதம் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தவர்கள் ஊரைத் தாக்கினார்கள். வீடுகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன, உயிர்கள் போயின. கோயில் நுழைவு உரிமை பற்றிய கமுதி வழக்கும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது.

இந்தத் தோல்விகளுக்கு நடுவில் அவர்களைத் தாங்கி நிறுத்தியது மகமை. பேட்டைக்குள் வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரி ஒரு சிறு தொகையைப் பொது நிதியில் போட வேண்டும். பேட்டைக் காவல், கிணறு, கோயில், பிறகு பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நிதியில் நடந்தன. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தில் வளர்ந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். 1910-ல் நாடார் மகாஜன சங்கமும், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தன. ஜில்லா அலுவலகத்திலோ வெள்ளைக்கார வங்கியிலோ செல்வாக்கில்லாத ஒரு சமூகம், தனக்குத் தேவையானதைத் தானே வசூலித்துக் கட்டிக்கொள்ளப் பழகியிருந்தது. சிவகாசித் தீப்பெட்டியின் வரலாற்றைச் சிலர் இரண்டு இளைஞர்களின் துணிச்சலாக மட்டுமே எழுதுவதுண்டு. அதில் உண்மை இருந்தாலும் கதை அங்கிருந்து தொடங்கவில்லை.

அந்த இரண்டு இளைஞர்கள் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். உறவுக்காரர்கள். 1922-ல் இருவரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். கல்கத்தாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1905-ன் சுதேசி இயக்கத்தில் வங்காளிகள் கையில் எடுத்த தொழில்களில் தீப்பெட்டியும் ஒன்று. பெரும்பாலான ஆலைகள் மூடப்பட்டுவிட்டாலும், கையால் சுற்றும் சிறு கருவிகளை வைத்துக் குச்சி செய்யும் வித்தை அந்த நகரத்தில் தங்கியிருந்தது. மாதக்கணக்கில் அங்கே தங்கித் தொழில் படித்துத் திரும்பிய இருவரும் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்தார்கள்.

இயந்திரம் கைகொடுக்கவில்லை. அதை ஓட்டும் செலவு கட்டுப்படியாகாமல் போனது. இயந்திரத்தோடு இயந்திரத்தை மோதவிட்டு ஸ்வீடன் கம்பெனியை ஒருநாளும் ஜெயிக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதலும் அவர்களிடம், மரக்காடும் அவர்களிடம், ரசாயனமும் அவர்களிடம். சிவகாசியிடம் இருந்தவை இரண்டே இரண்டு: வருஷத்தில் பெரும்பகுதி காயும் வெயில், வேலை கிடைக்காமல் காத்திருக்கும் கைகள். மழையில்லாத பூமி என்று ஊரார் அதுவரை நொந்துகொண்டது இந்தத் தொழிலுக்குப் பொருத்தமாகிப் போனது. ஈரக்காற்று பட்டால் குச்சி மருந்து நமத்துப் போகும். சிவகாசியில் அந்தக் கவலை குறைவு. இயந்திரத்தைக் கைவிட்டு முழுக்கக் கைவேலைக்கு மாறினார்கள். வளர்ந்த தொழில்நுட்பத்திலிருந்து பழைய முறைக்குத் திரும்புவது பின்னடைவாகத் தோன்றலாம். போட்டியில் அவர்கள் தாக்குப்பிடித்தது இந்த முடிவால்தான்.

கைவேலை என்றால் ஒரே ஆள் ஒரு தீப்பெட்டியைச் செய்து முடிப்பதில்லை. கேரளத்து மட்டி மரமும் இலவமும் குச்சியாகவும் மெல்லிய சீவலாகவும் வெட்டி வந்து சேரும். முதல் வேலை கட்டை அடுக்குவது. சன்னமான பள்ளங்கள் வெட்டிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி என்று கிடத்த வேண்டும். வரிசைக்கு ஐம்பது அளவில் குச்சிகள், கட்டைக்கு ஐம்பது அளவில் வரிசைகள். பழகிய கை ஒரு பிடி குச்சியை எடுத்துப் பலகைமேல் உருட்டிவிட்டால் குச்சிகள் தாமாகப் பள்ளத்தில் போய் விழுந்தது போலிருக்கும். அடுக்கி முடிந்ததும் கட்டையை இறுக்கி, எல்லாக் குச்சி நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி தட்டிச் சரிசெய்வார்கள். பிறகு சூடான தட்டில் உருகி நிற்கும் மெழுகில் ஒரு முக்கு. மெழுகு ஏறினால்தான் தலையில் பிடித்த தீ குச்சிக்கு இறங்கும். அடுத்து பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை எல்லாம் சேர்ந்த மருந்துக் குழம்பில் ஒரு முக்கு. முக்குகிறவர் ஆண், தேர்ந்தவர். குழம்பின் பதம் கொஞ்சம் இளகினால் குச்சித் தலை ஒழுகிப்போகும், இறுகினால் உருண்டை திரளாது. பெட்டியின் பக்கவாட்டில் தடவும் மருந்தில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும். குச்சியும் பெட்டியும் உரசினாலொழிய தீப்பிடிக்காது என்பதே இந்தப் 'பாதுகாப்புத் தீப்பெட்டி'யின் சூட்சுமம். காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் நிரப்புவது பெண்கள் வேலை. யாரும் எண்ணுவதில்லை, ஒரு பிடிக்குள் ஒரு பெட்டிக்கான குச்சிகள் அடங்கும் அளவு விரல்களுக்குத் தெரியும். உட்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுவது ஆலைக்குள் நடக்கவே வேண்டாம். சீவலையும் தாளையும் பசையையும் வீட்டுக்கு வாங்கிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டிக் கொண்டுவந்து கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் கூலி கட்டைக் கணக்கு, குரோஸ் கணக்கு.

இப்படி வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஊரெல்லாம் பரப்பியதில், ஆலை தொடங்கப் பெரிய முதலே தேவைப்படாமல் போனது. கொட்டகை ஒன்று, கட்டைகள் சில நூறு, மெழுகும் மருந்தும் காய்ச்ச அடுப்பு, இவை இருந்தால் போதும். 1926-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தனித்தனியே தொழில் நடத்த முடிவு செய்தார்கள். ஒருவருடையது அணில் மார்க் ஆனது, மற்றவருடையது காக்கா மார்க் ஆனது. எழுத்து தெரியாதவர்கள் படத்தைச் சொல்லியே கடையில் தீப்பெட்டி கேட்ட காலம் அது. விம்கோவின் பெட்டியில் கப்பல் ஓடியது. அடுத்தடுத்து வந்த ஆலைக்காரர்களில் பலர், ஏற்கெனவே இருந்த ஆலைகளில் தொழில் பார்த்தவர்கள் அல்லது அவர்களுக்கு உறவினர்கள். பெரிய கம்பெனி ஒரு ஆலையை நசுக்கினாலும் பக்கத்துத் தெருவில் இன்னொன்று முளைத்துவிடும். நசுக்க வேண்டிய எதிரி யார் என்றே விம்கோவுக்குப் பிடிபடவில்லை என்று சொல்லலாம்.

இருந்தும் கைவேலை மட்டும் போதியிருக்காது. அரசின் வரிக் கொள்கைதான் இந்தத் தொழிலுக்கு இரண்டாவது கால். சுங்கவரி வாரியம் தீப்பெட்டித் தொழிலை விசாரித்து 1928-ல் அறிக்கை கொடுத்தது. அதன்பின் வந்த சட்டம், வருவாய்க்காகப் போட்ட பழைய சுங்கத்தைத் தொழில் பாதுகாப்பு வரியாகவே ஆக்கியது. வெளிநாட்டுச் சரக்கு ஒதுங்கியது. ஆனால் உள்ளூரில் ஆலை வைத்துவிட்ட விம்கோவுக்கும் அதே வரிதான் மதில். 1932 மார்ச்சில் பாரிஸில் க்ரூகர் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். கணக்குப் புத்தகங்களில் அவர் செய்திருந்த புரட்டுகள் வெளிவந்து அவருடைய சாம்ராஜ்யம் சரிந்தது. இந்தியக் கிளை அதில் கவிழவில்லை. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தபோது சிறு ஆலைகள் முதன்முறையாக அரசின் நேரடிப் பிடிக்குள் வந்தன.

சுதந்திரத்துக்குப் பின் காற்று திசை மாறியது. குடிசைத் தொழிலைக் காப்பது கொள்கையானது. உற்பத்தி அளவை வைத்து ஆலைகள் ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கப்பட்டன. ஏ வகுப்பு என்றால் நடைமுறையில் விம்கோ. கீழே இறங்க இறங்கக் கலால் வரி குறையும். நாட்டுத் தீப்பெட்டியில் பெரும்பங்கு வைத்திருந்த விம்கோவை விரிவுபடுத்த அனுமதி கிடைப்பதும் கடினமானது. 1967-ல் கொண்டுவந்த சலுகை ஒன்று, ஆண்டுக்கு 7.5 கோடிக் குச்சிக்கு மேல் செய்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்த ஆலைகளுக்குக் குறைந்த வரியை அளித்தது. உடனே ஒரு சிக்கல். பெரிய ஆலைக்காரர் தன் ஆலையை மனைவி பேரில் ஒன்று, மைத்துனர் பேரில் ஒன்று என்று காகிதத்தில் உடைத்துச் சலுகையை வாங்கிவிடலாமே? அதைத் தடுக்க 1967 செப்டம்பர் 4 என்று கெடு வைத்தது அரசு. மறுநாள் உரிமத்துக்கு விண்ணப்பித்த ஓர் ஆலை தனக்கு அநீதி என்று வழக்குப் போட, 1974-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப் படிப்பில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு அது. தொழிலின் போக்கை அறிய அதில் ஒரு செய்தி உண்டு: வளர்ந்து பெரிதாவதில் லாபம் இல்லை, சிறியவராக நீடிப்பதில்தான் லாபம் என்ற நிலைக்குச் சிவகாசி வந்திருந்தது. 1980-களில் நாட்டின் தீப்பெட்டிகளில் மிகப் பெரும்பான்மை சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் வட்டாரச் சிறு ஆலைகளில் இருந்து போனது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்படி நடக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

தீப்பெட்டியின் தயவில் வேறு இரண்டு தொழில்களும் வேரூன்றின. பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வந்தது. பிறகு அந்த அச்சகங்கள் நாட்டுக்கே காலண்டர் அடித்தன. ரசாயனத்தோடு பழகிய கைகள் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் போயின. 1940-களில் உரிமத்தோடு நடக்கும் பட்டாசு ஆலைகள் எழுந்தன. நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த வெற்றியின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் குழந்தைகள். கட்டை அடுக்கவும் பெட்டி நிரப்பவும் சின்ன விரல்தான் லாவகம் என்று ஆலைக்காரர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். விரலின் லாவகத்தைவிடக் கூலியின் சிறுமைதான் உண்மைக் காரணம். இயந்திரத்தின் விலைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கைவேலை மலிவாக இருக்க வேண்டுமென்றால், யாராவது மிக மலிவாக உழைத்தாக வேண்டும். மழை பொய்த்த கிராமங்களில் அதற்கு ஆள் கிடைத்தது. விடியும் முன்பே, ஊரார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று சொல்லும் ஆலையின் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கச் சடவோடு பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், தூக்குவாளியோடு ஏறுவார்கள். பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணம் பல பிள்ளைகளை ஒரே ஆபீசில் கட்டிப்போட்டது. அண்ணன் தம்பிகள் பள்ளிக்குப் போக, அக்கா தங்கைகள் கட்டை அடுக்கிய வீடுகள் ஏராளம்.

சட்டம் இல்லாமல் இல்லை. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு செய்யும் பட்டறைகளில் சிறுவர் வேலை செய்யக்கூடாது என்று 1938-லேயே சட்டம் இருந்தது. குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அது பொருந்தாது. வேலை திண்ணைக்கும் குடிசைக்கும் சிதறிக் கிடந்த தொழிலில் அந்த விலக்கு போதுமானதாக இருந்தது. 1976-ல் ஹர்பன்ஸ் சிங் குழு இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. 1980-களில் ஆங்கில ஆய்விதழ்கள் எழுதத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் புதிதாக வந்தது. 1990-ல் சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், ஊரின் பெருமைப் பெயரையே குற்றப்பத்திரிகையின் தலைப்பாக்கியது. சிவகாசி ஆலைகள் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. தொடர்ந்து வந்த சோதனைகளும், சிறப்புப் பள்ளிகளும், மதிய உணவும், கிராமத்துக்கு எட்டிய பள்ளிக்கூடமும் சேர்ந்து ஆபீஸ் பஸ்களில் இருந்து பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கின. தீப்பெட்டி முதலாளிகளின் விடாமுயற்சியைப் பாடும் நூல்களில் இந்த அத்தியாயம் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த வலுவில் அந்தப் பிள்ளைகளின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எண்ணுவது நேர்மையான கணக்கு ஆகாது.

விம்கோவின் முடிவு சத்தமில்லாமல் வந்தது. 2005-ல் ஐ.டி.சி. அதை வாங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஐ.டி.சி. சிறு ஆலைகளிடம் தீப்பெட்டி வாங்கித் தன் பெயரில் விற்கத் தொடங்கியிருந்தது. திருவொற்றியூர் ஆலை இப்போது இல்லை. விம்கோ நகர் என்று ஒரு ரயில் நிலையமும், 2021-ல் திறந்த மெட்ரோ நிலையமும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

எதிரி விலகியதும் சிறு ஆலைகளின் அரணும் இளகியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்; பெரியவர்கள் நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். கைவேலைக்கு ஆள் குறைய, கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் கட்டை அடுக்கவும் மருந்து முக்கவும் இயந்திரங்கள் வந்தன. முழு இயந்திர ஆலைகளும் எழுந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று பழைய பாகுபாடு நீடித்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் என்றாகி, சிறியவருக்குத் தனி வரி என்ற ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மெழுகு, சிவப்பு பாஸ்பரஸ், அட்டை விலைகள் ஏறியும் பெட்டியின் விலை பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றிருந்தது. 2021 டிசம்பர் 1-ல் ஆலைக்காரர்கள் கூடி அதை இரண்டு ரூபாயாக்கினார்கள். அதற்குள் கடைகளில் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்திருந்தது; ஒரு லைட்டர் பல பெட்டிகளின் வேலையைப் பார்த்தது. கோவில்பட்டி உற்பத்தியாளர்கள் டெல்லிக்கு நடையாய் நடந்ததன் பலனாக, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. உதிரிபாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று அடுத்த புகார் எழுந்தது. 2024-ல் உதிரிபாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது.